வேலையில் இல்லாத நாட்கள்

என்னை வெளியே தள்ளிய அந்த வரியை டைப் அடித்தது நான்தான்.

தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தேன். பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எங்களை வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் புது ஆர்டர் கொடுத்துத் திரும்ப எடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று நாளைக்கு நாங்கள் கோர்ட்டில் போய் நின்றுவிடக் கூடாதாம். அதற்குப் பெயர் பிரேக்.

பிரேக் நாட்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் லேபில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் என் வாழைக் கன்றுகள் இருந்தன. திசு வளர்ப்பு. சில வாரங்களுக்கு ஒரு முறை புதுக் குடுவைக்கு மாற்றாவிட்டால் கறுத்துப்போகும். அவற்றுக்கு ஆர்டர் தெரியுமா, பிரேக் தெரியுமா? மூலக்குளத்து வீட்டிலிருந்து வழக்கம்போல ஸ்கூட்டியில் போய்விடுவேன். வாட்ச்மேனும் வழக்கம்போல கேட்டைத் திறப்பார். துறையில் எல்லாருக்கும் தெரியும். சும்மா கிடைக்கிற உழைப்பை யார் வேண்டாம் என்பார்கள்?

போன வருடம்தான் நிரந்தரப் பணியிடம் ஒன்றுக்கு அறிவிப்பு வந்தது. என் பாடத்தில் ஒரே இடம். அடுத்த தடவை வருவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தவளக்குப்பத்திலிருந்து அம்மா தினமும் போன் செய்தார்.

"இந்த வாட்டி கெடச்சிடும் இல்லடி?"

"கெடைக்கும்மா."

விண்ணப்பப் படிவத்தைத் தயார் செய்யும் வேலை துறைத் தலைவரிடம் வந்தது. அவர் என்னிடம் தள்ளினார். "பழைய ஃபார்மட்ட வச்சி அடிச்சிக் குடுத்துடுங்க மேடம். ஆஃபீஸ்ல குடுத்தா ஒரு வாரம் இழுப்பாங்க." விண்ணப்பிக்கப் போகிறவளிடமே கொடுக்கிறோமே என்று அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. கேள்வித்தாளிலிருந்து வரவேற்பு போர்டு வரை அந்தத் துறையில் டைப் அடிப்பது நான்தானே.

பழைய படிவத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ஓராண்டுக்குக் குறையாத, இடைவெளியற்ற கற்பித்தல் அனுபவம் மட்டுமே மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும். அப்படியே அடித்தேன். ஒரு கமா விட்டுப்போயிருந்தது, அதைக்கூடச் சேர்த்தேன். எனக்கு இடைவெளி இருப்பதாகவே என் மனதில் இல்லை. அத்தனை வருடத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் அங்கே போகாமல் இருந்ததில்லை.

சான்றிதழ் சரிபார்த்த அன்று கிளார்க் என் ஆர்டர்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒன்று முடியும் தேதியையும் அடுத்தது தொடங்கும் தேதியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எதுவுமே ஒரு வருசம் சேர்ந்தாப்ல இல்லையே மேடம். அனுபவத்துக்கு சைபர்தான் போட முடியும்."

"அந்த நாள்லயும் வந்தேன் சார். குடுவை லேபிள்ல எல்லாம் தேதி இருக்கு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆர்டர்களை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "குடுவைய எப்டி மேடம் ஃபைல்ல வைக்கறது?"

துறைத் தலைவரிடம் ஓடினேன். படிவத்தை வாங்கிப் படித்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"நீங்கதான மேடம் அடிச்சிக் குடுத்தீங்க?"

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். லேப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவ்வளவு படித்தும் என் கழுத்துக்கு நானே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கமா திருத்தி.

தேர்வுப் பட்டியலில் நான் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே?" என்றார்.

அடுத்த வாரம் பிரேக் தொடங்கியது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். இரண்டு குடுவைகளில் கன்றுகளின் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. வெட்டி, எல்லாவற்றையும் மாற்றி, ஒவ்வொரு லேபிளிலும் தேதி எழுதினேன். அந்தத் தேதியில் நான் அந்தக் கல்லூரியில் வேலையில் இல்லை.