தனியாக வருகிற பெண்களுக்கு ரூம் உண்டு

கம்பத்தில் குமுளி போகிற ரோட்டின் மேல் நாங்கள் ஒரு லாட்ஜ் நடத்தினோம். கீழே உரக்கடையும் பேக்கரியும், மேலே இரண்டு மாடி எங்களுடையது. எங்களுடையது என்றால் குத்தகைக்கு எடுத்தது. கட்டடம் தேனியில் இருக்கிற ஒரு வியாபாரிக்குச் சொந்தம். என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் ஜீப் ஓட்டினார். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை மலைக்கு மேலே கொண்டுபோய் இறக்குவார். ஒரு மழை நாளில் ஜீப் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. இருந்த நிலத்தை விற்று லாட்ஜை எடுத்தோம்.

அவரால் தொடர்ந்து உட்காரவும் முடியாது. அதனால் வரவேற்பு மேசையில் நான் உட்கார்ந்தேன். லாட்ஜில் போய்ப் பொம்பளை உட்கார்வதா என்று நாத்தனார் ஒரு மூச்சுச் சண்டை போட்டாள். "அவ உக்காரலைன்னா நீ வந்து உக்காரு" என்று இவர் சொன்னதும் போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தாள். கேரளத்தில் வேலைக்குச் சேரப் போகிறவள். மலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஏறி இறங்கிய லாட்ஜில் எல்லாம், கூட ஆள் இல்லையென்றால் ரூம் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் கேட்கும்போதே ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதில் யோசிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்தடுத்து வந்தார்கள். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருகிறவர்கள், பரீட்சை எழுத வருகிற பிள்ளைகள், சைக்கிளில் ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் பெண்கள். அந்தச் சைக்கிள்காரிகள் சீசனில் கிலோக்கணக்கில் திராட்சை வாங்கிக் கழுவாமலேயே தின்றார்கள். மதுரைப் பக்கம் இருந்து ஒரு டீச்சர் எப்போதாவது வருவார். வந்து, கதவைச் சாத்தி, பகல் முழுக்கத் தூங்கிவிட்டுப் போவார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. போகும்போது முகம் கழுவி, பொட்டு வைத்து, "வர்றேன்மா" என்பார்.

பெண்கள் தனியாகத் தங்கலாம் என்று யாரோ இணையத்தில் எழுதினார்கள். பெண்கள் தங்குகிற இடம் என்றால் நல்ல இடம்தானே என்று குடும்பங்களும் வந்தன. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் வராந்தாவில்கூடப் படுத்துக் கிடப்பார்கள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பக்கெட் போதவில்லை, வெந்நீர் போதவில்லை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் ஆடிக்காற்று அடிக்கும்போது ஒரு பெண் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு நாளைக்கு ரூம் கேட்டாள். ஆதாரைக் காட்டினாள், பக்கத்துத் தாலுகாதான். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாள். பையில் புத்தகம் இருக்கிற கனம் இல்லை. ஆனாலும் சாவி கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. ஐந்தாறு ஆண்கள் மேலே ஏறினார்கள். முன்னால் வந்தவன் அவளுடைய புருஷன். பெயரைச் சொல்லி, இங்கேதான் இருக்கிறாள், கூப்பிடு என்றான். தங்குகிறவர்களைப் பற்றி வெளியாளிடம் சொல்வதில்லை என்றேன். கூட வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடும்பத்துப் பொம்பளைகளை ஒளிச்சுவச்சு என்ன தொழில்மா நடத்துறீக இங்கன?"

என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மரியாதையாப் பேசுங்க. இது லாட்ஜு. காசு குடுத்தவுக தங்குறாக."

"காசு வாங்கிட்டு என்னென்ன குடுக்கிறீகன்னுதான்யா கேக்குறோம்" என்றான் ஒருவன். இன்னொருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

சத்தம் கேட்டு அவளே மாடிப்படியின் மேல் வந்து நின்றாள். "நான் வரமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புருஷன் பாய்ந்து ஏறினான். நான் படியின் குறுக்கே நின்றேன். அவன் என்னைத் தள்ளியதில் கைப்பிடியில் தோள் இடித்தது, விழவில்லை. என் வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போட்டார்.

போலீஸ் வந்தது. எல்லோரையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். நான் அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. அவளைத் தனியாக அழைத்து, "உனக்கு எங்க போகணும்னு தோணுதோ அதச் சொல்லு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது" என்று பொறுமையாகக் கேட்டார். அவள் சொல்ல வாயெடுத்த நேரம் அவளைப் பெற்றவர்கள் வந்தார்கள். அம்மாக்காரி அவள் காலடியில் உட்கார்ந்து, "உன் தங்கச்சிய நெனச்சுப் பாரு ஆத்தா, அவளை யாரு கட்டுவாக" என்று அழுதாள். கடைசியில் அவள், புருஷனோடு போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

காரில் ஏறும்போது திரும்பி, "அக்கா, சார்ஜர் ரூம்லயே கெடக்கு" என்றாள். எடுத்து வைக்கிறேன் என்றேன்.

இரண்டு நாளில் அந்த வீடியோ பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. அவள் பேசியது அதில் இல்லை. நான் படியில் கையை விரித்து நிற்பதும், எங்கள் லாட்ஜ் போர்டும், பெரியவர் கேட்ட கேள்வியும் மட்டும் இருந்தன. உறவுக்காரர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. நாத்தனார் போன் செய்து அழுதாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதலில் குடும்பங்கள் வருவது நின்றது. வருஷம் தவறாமல் வருகிற ஒரு குருசாமி ஐப்பசியிலேயே கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீக தாயி. எனக்கு உங்களைத் தெரியும். ஆனா எங்க கூட வர்ற சாமிமாரு வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாக." சரி சாமி என்று வைத்தேன்.

பிறகு வேறு மாதிரியான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "தனியா யாராச்சும் தங்கியிருக்காகளா?" என்பார்கள். ரூம் இல்லை என்றால் சிரிப்பார்கள். ஒருவன், "அப்ப நீங்க மட்டுந்தானா?" என்றான். உள்ளேயிருந்து அதைக் கேட்ட என் வீட்டுக்காரர் அன்று முதல் என்னை மேசையில் உட்கார விடவில்லை. அவர் உட்கார்ந்தார். வலிக்கும்போது நின்றார். நின்றும் முடியாதபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னால் போய்ப் படுத்தார். மேசையில் ஆண் இருப்பதையும் படியில் நிற்கிற ஆட்களையும் பார்த்துவிட்டு, தனியாக வருகிற பெண்கள் வந்த வழியே இறங்கிப் போனார்கள். மதுரை டீச்சரும் அப்புறம் வரவில்லை.

கட்டடக்காரர் எங்களைத் தேனிக்கு வரச் சொன்னார். காபி கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தப்பு செஞ்சீகன்னு நான் சொல்லல. நீங்க செஞ்சது சரிதான். ஆனா என் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். வர்றவுக அந்தக் கட்டடம் உங்களுதுதானான்னு கேக்குறாக." நல்ல மனுஷர். அவர் கத்தியிருந்தால் நாங்களும் கத்தியிருப்போம்.

தை மாதம் காலி செய்தோம். கட்டிலும் மெத்தையும் பழைய சாமான் வாங்குகிறவனுக்குப் போயின. இப்போது அந்த இரண்டு மாடியும் ஒரு கம்பெனியின் குடோன். என் வீட்டுக்காரர் வீட்டில் படுத்தே இருக்கிறார். நான் ஏலக்காய்க் கடை ஒன்றில் தரம் பிரிக்கப் போகிறேன்.

லாட்ஜ் நம்பர் என் கைபேசியில்தான் இருக்கிறது. இணையத்தில் யாரோ எழுதியது இன்னும் அப்படியே கிடக்கிறதுபோல. எங்கெங்கிருந்தோ பெண்கள் கூப்பிடுகிறார்கள். மூடிவிட்டோம் என்கிறேன். வேறு எங்கே தங்கலாம் என்று கேட்டால் சொல்ல எனக்கு ஓர் இடம் இல்லை.

போன மாதம் காய் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு வந்தது. "அக்கா, ரூம் இருக்கா?" குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"லாட்ஜை மூடிட்டோம்டா. நீ எங்க இருக்க?"

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"வீட்டுக்கு வந்துரு. நான் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்."

"வீட்டுக்கா?" என்றாள். "வேணாங்க்கா. வீடுன்னா ஏன் வந்தன்னு கேப்பாக. என்னால சொல்ல முடியாது. லாட்ஜுன்னா சாவியக் குடுத்துருவீக."

நான் கேட்கமாட்டேன் என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

கையில் ஒட்டிய காய்த்தூசியைக்கூடத் தட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவள் ஊர்ப் பக்கமிருந்து வருகிற தேனி பஸ் ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தேன். பொழுது சாயும்வரை நின்றேன். அவள் வரவில்லை.

அந்த நம்பருக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஒரு ஆண் எடுத்து, யாரு, யாரு என்கிறான். யாரென்று சொல்வது? வைத்துவிட்டேன்.