வழி தெரியாத அண்ணாச்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, செங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வீடு இலஞ்சியில். கணவர் ராணுவத்தில். எட்டு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

கடையத்திலிருந்து மூன்று பேர் ஒரே காரில் செங்கோட்டைக்கு வேலைக்குப் போவார்கள். கார் ஓட்டுகிற அண்ணாச்சிக்கு ஏதோ அலுவலகத்தில் வேலை. மற்ற இருவரும் வாத்தியார்கள். காலை எட்டேகாலுக்கு மெயின் ரோட்டில் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

என் மகனோ பாட்டிலைத் தொடமாட்டான். அவனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் நடந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் தினமும் தாமதம். இன்னொரு நாள் பிந்தினால் வேலைக்கே வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பளம் எனக்கு ரொம்பத் தேவை. ஆனால் யாரிடமும் உதவி கேட்க வாய் வராது. என்னால் அவர்களும் பிந்திய ஒரு நாள், "இனிமே எனக்காக நிக்காதிய, நான் பஸ்ல வந்துக்கிடுதேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே அண்ணாச்சி போன் செய்தார். "டீச்சர், எங்களுக்கு நீங்க ஒரு உதவி செய்யணும். மெயின் ரோட்டுல அருவிக்கு வார சீசன் கூட்டம் தாங்கல. இலஞ்சிக்குள்ள புகுந்து போலாம்னா எங்க யாருக்கும் வழி தெரியல. உங்க வீட்டு வாசல்லயே ஏறிக்கிட்டு வழி சொல்லுதியளா?"

உதவிதானே, செய்துவிட்டுப் போவோம் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டேன்! மறுநாள் முதல் வாசலில் கார். பின்சீட்டில் உட்கார்ந்து சந்து சந்தாக வழி சொன்னேன். கால் மணி நேரம் மிச்சமானது. மகன் வயிறு நிறையக் குடித்தான்.

சீசன் முடிந்தது. கார்த்திகை மாதம், "ஐயப்பசாமிமார் கூட்டம் டீச்சர்" என்றார். தை பிறந்ததும், "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுவ" என்றார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அப்படி ஒரு பள்ளத்தையும் நான் பார்க்கவில்லை. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

பங்குனியில் ஒரு நாள் முருகன் கோயிலுக்குப் போனேன். அண்ணாச்சி மனைவியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எங்கள் அடுத்த தெருப் பெரியவர், "இவரு எங்க வீட்டு மாப்பிள்ளை. பதினெட்டு வருசமா இந்த ஊருக்கு வந்து போயிட்டு இருக்காரு" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார்.

இலஞ்சிக்கு வழி தெரியாதவர்!

மறுநாள் காரில் ஏறியதும், "எனக்காகத்தானே அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. வாத்தியார்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தெரிஞ்சிட்டா? நல்லதாப் போச்சு" என்றார் அண்ணாச்சி. "சித்திரைக்கு என்ன காரணம் சொல்லன்னு நாங்க மூணு பேரும் முழிச்சிக்கிட்டு இருந்தோம்."

வேலையும் போகவில்லை, மகனும் பசியோடு இருக்கவில்லை. ஆனாலும், வீம்பு பிடித்த ஒருத்தி தலை குனியக் கூடாதே என்று மூன்று பேர் எட்டு மாதம் சளைக்காமல் சொன்ன அந்தப் பொய்களை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.