மாதம்மாவின் மாடும் வெளிநாட்டுப் பொடியும்

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பால் சொசைட்டி வாசலில் ஊரே என் முகத்தைப் பார்த்து நின்ற காலை அது. கால்நடை ஆய்வாளராக ஓய்வு பெற்றபின், ஒரு தனியார் திட்டத்தில் ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாட்டு ஏப்பத்தில் வரும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது. தீவனத்தில் ஒரு பொடியைக் கலந்தால் அது குறையும். வெளிநாட்டுப் பணக்காரர்கள் சிலர் பணம் போட்டதால் பொடி இலவசம். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது.

பெங்களூரிலிருந்து மேனேஜர் வந்திருந்தார். நல்ல பிள்ளைதான். “இதுக்குப் பின்னால இருக்கறவங்க சாதாரண ஆளுங்க இல்ல. சொந்தமா பிளேன் வெச்சிருக்கறவங்க. உலகத்துக்காக யோசிக்கறாங்க” என்றார். வெளியே அவருடைய கார் ஏசிக்காக ஓடிக்கொண்டே நின்றது.

பால் ஊற்ற வந்த மாதம்மா கேனைக் கீழே வைத்தாள். எனக்குப் பல வருஷப் பழக்கம். வாய் கொஞ்சம் நீளம்.

“மொதல்ல அந்தக் காரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார். அப்புறம் எம்மாட்டு ஏப்பத்தப் பேசலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டு டிரைவருக்குக் கை காட்டினார்.

“பிளேன்ல பறக்கறவங்களுக்கு எங்க மாடுதான் கண்ணுல பட்டுச்சுங்களா?” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எம்மாடு ஆறு மாசச் சினைங்க. வூட்ல இருக்கறது அது ஒண்ணுதான். கலைஞ்சிட்டா அவங்க வருவாங்களா?”

“ஒண்ணும் ஆகாது. மேடமே சொல்லுவாங்க” என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

சினை மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தைத் திட்ட அலுவலகத்தில் முன்பே கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளின் படிப்பு நடந்துகொண்டிருந்தது. பயமாக இருந்தது.

“எனக்குத் தெரியல மாதம்மா. உன் மாட்டுக்கு இப்ப வேண்டாம்.”

அன்று ஒருவரும் பொடி வாங்கவில்லை. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. திட்டமும் வேறு தாலுகாவுக்குப் போய்விட்டது.

சில மாதம் கழித்து, மாதம்மா தூக்குப் போசியில் சீம்பாலோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள்.

“கிடாரிக் கன்னு போட்டிருக்குதுங்க மேடம். இப்பச் சினை இல்லீங்களே, அந்தப் பொடியக் குடுங்க. போட்டுப் பாக்கலாம்.”

“அன்னிக்கு அவ்வளவு பேச்சுப் பேசின?”

“அது அவங்களப் பேசினது. நீங்க வேண்டாம்னு சொன்னவங்க. நீங்க குடுன்னா குடுக்கறேன்.”

என்னிடம் பொடியும் இல்லை, வேலையும் இல்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஃபீல்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகுதான் மாட்டின் தீவனத் தொட்டி வரை உங்களை விடுவார்கள்.