பலூனுக்குப் பாரமாகப் போன எட்டுப் பேர்

நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்த ராசம்மாவுக்கு, ஆகாயத்தில் ஏறும் பாக்கியம் 2003ஆம் ஆண்டு ஒரு நாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் வந்து சேர்ந்தது. புதிதாய் வந்த ஹோட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களைச் சுடுகாற்றுப் பலூனில் ஏற்றப் போகிறார்களாம். அதற்கு முன்னால் யாரையாவது ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். உடனே தோட்டத்துத் துரைக்குத் தன் தொழிலாளர்களின் ஞாபகம் வந்தது; ராசம்மாவோடு சேர்த்து எட்டுப் பேரைப் பொறுக்கினார். அவருக்குத் தங்கள் மேல் இவ்வளவு பிரியம் இருப்பது அந்த எட்டுப் பேருக்கும் அதுவரை தெரியாது.

ஆட்களின் நிறையைப் பலூன் ஓட்டுகிறவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். கணக்கப்பிள்ளை நல்லையா கொழுந்துத் தராசின் கொக்கியில் சாக்கைக் கட்டி, ஒவ்வொருவராக உட்காரவைத்து நிறுத்தார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு என்று நாலு கிலோ கழித்து எழுதுவது அவர் கைக்குப் பழகிப்போன காரியம். ராசம்மாவுக்கு முள் அறுபத்தொன்றைக் காட்டியது. தாளில் ஐம்பத்தேழு விழுந்தது. செலவில்லாமல் இளைத்துவிட்டோம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் விடிந்ததும் விளையாட்டு மைதானத்தில் பலூன் வீங்கி நின்றது. வெள்ளைக்கார ஓட்டுநர் சொன்னதை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் பத்மநாதன் தமிழில் சொன்னார், பத்தடி தள்ளி நின்றபடி.

"ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம். இறங்கேக்க முழங்காலை மடிச்சு, கயித்தை இறுக்கிப் பிடியுங்கோ. அவ்வளவுதான்."

"நீங்க வரலீங்களா ஐயா?" என்றாள் ராசம்மா.

அவருக்குக் கந்தோர் மேசையில் அவசர வேலை இருந்தது.

தலைக்கு மேல் நெருப்பு சீறியதில் ராசம்மாவின் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தது. கூடை எழும்ப மறுத்தது. ஓட்டுநர் தாளைப் பார்த்தார், நெருப்பைக் கூட்டினார், மறுபடி தாளைப் பார்த்தார். சவுக்கு மரத்து உச்சிகளை உரசிக்கொண்டு ஒருவழியாக மேலே போனார்கள்.

போன பிறகு ஒன்றுமேயில்லை. ஆட்டமில்லை. காற்றோடு சேர்ந்தே போனதால் முகத்தில் காற்றும் அடிக்கவில்லை. நெருப்பு அடங்கியபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் குரைப்பது கேட்டது. தகரக் கூரைகள் பறக்காதிருக்க ஏற்றிவைத்த கற்களும் பழைய டயர்களும் தெரிந்தன. துரை பங்களாவின் புல்வெளியில் மூன்று லயங்களைத் தாராளமாக வைக்கலாம் என்பதும் தெரிந்தது. அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை. பதுளைப் பக்கமெல்லாம் பனிமூட்டம். ராசம்மா கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எரிவாயு நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைக்குள் கூடை இடித்து இறங்கி, சரிந்து, எட்டுப் பேரும் ஓட்டுநர் மேல் விழுந்தார்கள்.

நல்லையாவோடு ஜீப்பில் வந்திறங்கிய பத்மநாதனிடம் ஓட்டுநர் தாளை நீட்டினார். நல்லையா ஒரே சொல்லில் விளக்கினார்: "கழிவு." பத்மநாதன் அதை ஆங்கிலத்தில் சொல்ல நெடுநேரம் பாடுபட்டார். கொழுந்துக்குச் சரி, மனிதரில் எதைக் கழித்தீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார்.

ராசம்மா தலையில் சிக்கிய இலைகளை எடுத்தபடி, "எங்களுக்கும் ஈரம் கழிச்சிருக்காருன்னு சொல்லுங்கய்யா" என்றாள்.

பத்மநாதன் அதையும் மொழிபெயர்த்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. கணக்கில் இல்லாத முப்பத்திரண்டு கிலோவைச் சுமந்து வந்தவர் அவர்.

அடுத்த முறை ஆட்களைத் தோட்டத்து மருந்துக்கூடத்துத் தராசில் நிறுக்க உத்தரவானது. கொழுந்து பழைய தராசிலேயே, பழைய கழிவோடு நிறுக்கப்பட்டது. கொழுந்து பலூனில் ஏறப்போவதில்லையே.

பலூனில் போன அன்று கொழுந்து மலைக்கு நேரம் பிந்தி வந்ததால் எட்டுப் பேருக்கும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், போட்டார்கள். அப்படியும், இரண்டாம் தடவை ஆள் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் ராசம்மா. என்னதான் இருக்கிறது அங்கே என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள்.

"சூடு இருக்கு. எங்க எறங்கும்னு ஓட்டுறவருக்கே தெரியாது" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "ஒரு மணி நேரம் யாரும் என்னைய அதட்டல" என்றாள்.