வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் பீட்ரூட்டைப் பார்ப்பார். அப்புறம் கேரட் துருவல், பருப்பு சாலட், உருளைக்கிழங்கு, கடைசியாகச் சூடான வகைகள். தட்டுகளில் செருகியிருக்கும் பெயர்ச்சீட்டுகளை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார். பின்னால் எட்டுப் பேர் நிற்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

"இந்த மீன் கெனல் இன்னிக்குப் பண்ணதா, லியோனி?"

"காலையில ஆறு மணிக்கு, மதாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் காலையில ஆறு மணிக்குத்தான் பண்ணோம்."

மதாம் மலவாலுக்கு அறுபத்தொன்பது வயது. பிரான்ஸின் லியோன் நகரில், மேட்டுத்தெருவில், எங்கள் சமைத்த சாப்பாட்டுக் கடைக்கு மூன்றாவது கட்டடம், நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அரசாங்க அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு முத்திரை குத்தும் சன்னலுக்குப் பின்னால் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்தவர். அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. எவனாவது நடுவில் புகுந்தால் போதும், "வரிசை, முசியே! வரிசைன்னு ஒண்ணு இருக்கு!" என்று அவர் போடும் சத்தத்தில் எனக்கே என் அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும்போல இருக்கும். கால் கிலோ பீட்ரூட் வாங்க வந்தாலும் தொப்பி உண்டு, கோட் உண்டு, உதட்டுச் சாயம் உண்டு.

சமைக்கத் தெரியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "கடைச் சாப்பாடா? எப்பவாவது, கை வலிச்சா," என்பார். வாரத்தில் ஆறு நாள் கடை திறந்திருக்கிறது, ஆறு நாளும் அவருக்குக் கை வலிக்கிறது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் தன் பீங்கான் பாத்திரங்களுக்கு மாற்றிவிடுவார். எங்கள் கடைப் பெயர் போட்ட டப்பாக்களை நசுக்கி, அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவார். நான் ஒருநாள் அங்கே கண்டுவிட்டேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒவ்வொருவர் மானமும் அவரவர்க்குப் பெரிசு.

எங்கள் தொழிலில் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்போம்: எத்தனை பேருக்கு? கேட்காமல் வெட்ட முடியாது, அள்ள முடியாது. மற்ற நாட்களில் மதாம் மலவால் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே, பாதி வாய்க்குள் "ஒருத்தருக்கு" என்பார். வெள்ளிக்கிழமை மட்டும் நிமிர்ந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "ரெண்டு பேருக்கு. ஒரு கெனல், ஒரு குடல்."

கெனல் என்றால் மீனை அரைத்துப் பிடித்த கொழுக்கட்டை, குடல் என்றால் வெங்காயம் போட்டுச் சிவக்க வதக்கிய மாட்டுக்குடல். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் குடலுக்கு அடிமை. மீதிப் பேர் வாசனைக்கே ஓடுவார்கள். மதாம் மலவால் இரண்டாவது வகை. பிறகு யாருக்கு அந்தக் குடல்?

எதிர்வீட்டு முசியே தெலோர்முக்கு. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், தடித்த மீசை, மெல்லிய குரல். மூன்று வருடம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை படிக்கட்டில் மதாம் மலவாலின் பையை நான்கு மாடி தூக்கி வந்திருக்கிறார். வாசலில் வைக்கும்போது மோந்து பார்த்து, "குடலா, மதாம்? நீங்களே பண்ணீங்களா? குடல்னா எனக்கு உசிரு," என்றாராம். பையில் இருந்தது எங்கள் கடை வெங்காய டார்ட். இல்லை என்று சொல்ல மதாமுக்கு மனம் வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடமாக வெள்ளிதோறும் இரண்டு பேருக்கு வாங்குகிறார். போய்க் கதவைத் தட்டி, சாப்பிட வாங்க என்று கூப்பிட வேண்டும். அதுதான் திட்டம்.

"கூப்பிட்டீங்களா மதாம்?" என்று சனிக்கிழமை நான் கேட்பேன். வாய் சும்மா இருக்குமா?

"நேத்து அவருக்கு இருமல். தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

இன்னொரு வாரம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வாரம் ரேடியோ ஓடவில்லை, தூங்குகிறாரோ என்னவோ. எதிரெதிர்க் கதவுகள், நடுவில் நான்கு எட்டுத் தூரம். பதினோரு வருடம் படிக்கட்டில் வணக்கம் சொன்னவர்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் காலெடுத்து வைத்ததில்லை. எங்கள் ஊர் அப்படி.

"அப்போ குடலை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? இன்னிக்கு மதியம் நான்தான் சாப்பிடணும். மூக்கப் பிடிச்சுக்கிட்டு."

"பிடிக்கலன்னா கொட்டிடுங்களேன்!"

"சாப்பாட்டக் கொட்டறதா? எங்கம்மா கேட்டா செத்தே போயிடுவாங்க. செத்துட்டாங்க, அது வேற விஷயம்."

எனக்குச் சிரிப்பு வரும். அவர் போனபிறகு பாவமாகவும் இருக்கும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை முசியே தெலோர்ம் கடைக்கு வந்தார். அவர் நேரம் பதினொரு மணி. "சீக்கிரம் கட்டுங்க லியோனி, பதினொன்றரைக்கு வயித்துக்கு வண்டி வந்துடும்," என்பது அவருடைய மாறாத வேடிக்கை. ரயில்வேக்காரர்கள் சாப்பிடும் நேரம் அது. அன்று இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்கிறாராம். நாந்த் நகரத்தில் மகன் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்தாயிற்றாம்.

வெள்ளி காலை மதாம் மலவால் வந்ததும், வரிசையை நிறுத்திவைத்துவிட்டு அவர் காதில் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் இறுகியது.

"இன்னிக்குத் தட்டலன்னா அப்புறம் கிடையாது மதாம்," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் காது செவிடு இல்ல, லியோனி." கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார். எந்தச் சீட்டையும் வாசிக்கவில்லை. "ரெண்டு பேருக்கு. ரெண்டுமே குடல் குடுங்க."

பதினொரு மணிக்கு முசியே தெலோர்ம் வருவது தெரிந்ததும் குடல் தட்டை இழுத்துக் கீழே மறைத்துவிட்டேன். "தீந்துபோச்சு முசியே, இன்னிக்கு நல்ல சாப்பாடு எதுவுமே இல்ல," என்று கூசாமல் புளுகினேன். பசியோடு வீட்டுக்குப் போகட்டும் என்ற எண்ணம்தான். மனுஷர் சளைக்கவில்லை. "அப்போ பருப்பும் சாசேஜும் போடுங்க," என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருத்தியின் ரகசியத்தை நான் எப்படிப் போட்டு உடைப்பது? அவர் சாப்பிட உட்காரும் முன் மதாம் போய்க் கதவைத் தட்டிவிடுவார் என்று நம்பினேன்.

ஒன்றேகால் மணி. மதிய இடைவேளை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் ரொட்டியையும் சீஸையும் தின்று முடித்திருந்தேன். ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பு.

மதாம் மலவால் குனிந்து உள்ளே வந்தார். தொப்பி இல்லை, கோட் இல்லை. உதட்டுச் சாயம் மட்டும் இருந்தது. கையில் துணி சுற்றிப் பிடித்த பீங்கான் பாத்திரம், மூடியோடு.

"சாப்பிட்டுட்டாராம்," என்றார்.

"எத்தன மணிக்குத் தட்டினீங்க?"

"ஒரு மணிக்கு. மரியாதப்பட்டவங்க சாப்பிடற நேரம் அதுதானே?"

"ஐயோ மதாம், அவரு பதினொன்றரைக்கே சாப்பிட்டுடுவாரே!" சொன்ன பிறகுதான் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவருக்கு எது பிடிக்கும் என்று மூன்று வருடம் பேசியிருக்கிறோம். எப்போது சாப்பிடுவார் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார் மெதுவாக. "பதினோரு வருஷம் எதுத்த வீடு. எனக்குத் தெரியாது."

"உள்ள கூப்பிட்டாரா?"

"உக்கார நாற்காலி இல்ல. எல்லாம் கட்டியாச்சு. கை குடுத்தாரு. 'முன்னாடியே சொல்லக் கூடாதா மதாம், உங்க சமையல் வாசனை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் கதவு வரைக்கும் வரும்'னாரு."

மதாம் அழவில்லை. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, அலுவலகக் குரலில் கேட்டார்: "இதத் திருப்பி எடுத்துப்பீங்களா? தொடவே இல்ல. சூடு மட்டும் பண்ணேன்."

விற்றதைத் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

"நான் இன்னும் சாப்பிடல மதாம்," என்றேன். "பசி உயிர் போகுது. உக்காருங்க, சேந்தே சாப்பிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். என் ஏப்ரனைப் பார்த்தார், தராசு வைத்திருக்கும் மேடையைப் பார்த்தார். இரண்டிலும் ரொட்டித் தூள் சிதறிக் கிடந்தது. முப்பத்துநாலு வருடம் சன்னலுக்குப் பின்னால் இருந்து, பொய் சொல்லும் முகங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்தார். மேடைமேல் கிடந்த ரொட்டித் தூளையெல்லாம் ஒரு கையால் கூட்டி மறு உள்ளங்கையில் தள்ளிக்கொண்டார். துடைத்த அந்த இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்து, மூடியைத் திறந்தார்.