பூட்டு திருச்சியில், சாவி கோவையில்

லேப்டாப் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் லேப்டாப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனதாக எனக்கு ஞாபகமில்லை. பையின் ஜிப்பைத் திறக்கும்போதே வீட்டுச் சமாசாரமும் கூடவே வெளியே வந்துவிடும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் என் கடை. கொஞ்ச காலமாக ஒரே மாதிரி வேலைதான் அதிகம் வருகிறது. கேம் விளையாடுவதற்கென்று வாங்கிய பெரிய லேப்டாப்பில், இருக்கிற விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுத் தர வேண்டும். டூயல் பூட் என்று பெயர். பட்டனை அழுத்தியதும் எதற்குள் போகட்டும் என்று அதுவே கேட்கும். காலேஜில் லினக்ஸ் வேண்டும் என்கிறார்கள், கேம் விண்டோஸில் நன்றாக ஓடுகிறது, வீட்டிலோ ஒரு லேப்டாப்புக்குத்தான் வழி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் நீங்களும் நம்ம கட்சிதான், மேலே படியுங்கள்.

நீலத் திரை

தங்கராசு அண்ணன் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டர். அங்கே இல்லாத சர்வீஸ் கடையா? பஸ் மாறி ஸ்ரீரங்கம் வரைக்கும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "அங்க எல்லாரும் தெரிஞ்சவங்கம்மா" என்றார். அவர் கொண்டுவந்தது மகன் அருணுடைய லேப்டாப். மூடியைத் திறந்தால் கீபோர்டு முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை மட்டும் நீலமாக நின்று நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட சாவியைக் கேட்டது.

அருண் காலேஜைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டான். "இந்தப் பொட்டியாலதான் கெட்ட" என்று அப்பா சொல்ல, அந்தப் பெட்டியைக் கட்டில் மேலேயே போட்டுவிட்டுக் கோவைக்கு வேலைக்குப் போய்விட்டான். அதிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை. இப்போது மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு லினக்ஸ் வேண்டும். கடைக்குப் போவானேன் என்று அண்ணன் வீடியோ பார்த்துத் தானே இறங்கியிருக்கிறார். நடுவில், பாதுகாப்புச் சிப்பில் இருப்பதை அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. அழி என்று சொல்லிவிட்டார். விண்டோஸ் தன் பக்கத்தைப் பூட்டியே வைத்திருக்கும்; அதைத் திறக்க லேப்டாப்பிலேயே இருந்த சாவி அதோடு போயிற்று.

மாற்றுச் சாவி ஒன்று உண்டு. அது சொந்தக்காரரின் இன்டர்நெட் கணக்கில் பத்திரமாக இருக்கும். சொந்தக்காரன் அருண். சாவி இல்லாமல் விண்டோஸ் பக்கத்தைத் திறக்கவும் முடியாது, அதைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் பண்ணவும் முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இரண்டையும் போட்டால் சாயங்காலமே கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் மகனிடம் சாவி கேளுங்கள் என்றேன். அவர் லேப்டாப்பின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டார். "அவன் பக்கத்துல கை வைக்காதீங்கம்மா. அவன்கிட்ட கேக்காமயும் முடிச்சுக் குடுங்க."

குளிர்ச்சிக்கு வைத்தது

அந்த லேப்டாப் என் அலமாரியில் ஏறிக்கொள்ள, மற்ற வேலைகள் நடந்துகொண்டிருந்தன. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு ரைஸ் மில் முதலாளி வந்தார். மகனுடைய லேப்டாப் அடுப்பு மாதிரி சுடுகிறதாம், கேமுக்குள் போனால் தானாகவே அணைந்துவிடுகிறதாம். லினக்ஸ் போட்டால் சூடு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டூயல் பூட் போட்டுக் கொடுங்கள் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

திருப்பிப் பார்த்தேன். காற்று வெளியே போகிற ஓட்டைகளில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. ஆயுத பூஜைக்கு மில்லில் இருக்கும் மோட்டாருக்கும் தராசுக்கும் வைத்த கையோடு, இதற்கும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அது காய்ந்து சிமெண்ட் ஆகிவிட்டது. உள்ளே ஃபேன் இறக்கையில் தவிட்டுத் தூசி வேறு. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நான் சுரண்டுவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூட்டுக்குக் காரணம் இந்தச் சந்தனம்தான், லினக்ஸ் இதற்கு ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "சந்தனம் குளிர்ச்சியாச்சேம்மா, அதை வச்சா சூடாகுதுங்கறீங்க?"

யார் முதலில்

உத்தர வீதியில் ஒரு தம்பதி. மாமா காலேஜில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயில், பாசுரம் சொல்லும் அனுசந்தானம் எல்லாம் முடிந்ததும் விண்டோஸில் கார் ரேஸ் ஓட்டுவார், அதுவும் ஸ்டியரிங் எல்லாம் மாட்டிக்கொண்டு. மாமி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணினி வேலை பார்க்கிறவர், அவருக்கு லினக்ஸ். இருவருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப்.

பட்டனை அழுத்தியதும் வருகிற பட்டியலில் எதையும் தொடாமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் முதலில் இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். நான் லினக்ஸை முதலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாமா போன் செய்து, விண்டோஸை முதலில் வைக்கச் சொன்னார். மாற்றினேன். அடுத்து மாமி கூப்பிட்டார். இந்த வம்பே வேண்டாமென்று, கடைசியாக எது திறந்திருந்ததோ அதுவே அடுத்த முறையும் திறக்கிற மாதிரி வைத்தேன். நியாயமான ஏற்பாடு என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். விஷயத்தைச் சொன்னதும் மாமி பெருமூச்சு விட்டார். "கடைசியா யார் தொட்டாளோ அவா இஷ்டமா? ஆத்துல டிவி ரிமோட் அப்படித்தாம்மா இருக்கு, நான் எங்க பாத்தேன்?"

கோவைக்கு ஒரு போன்

தங்கராசு அண்ணன் ஷிப்ட் முடிந்து அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். வேறு வழி கிடைத்ததா என்று கேட்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டு, அலமாரியில் லேப்டாப் இருக்கிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவார். எனக்கு எரிச்சலாக வந்தது. மகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை நெருங்குகிறது, அவள் சிநேகிதி வீட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். ஒரு போன் கால் போட்டால் முடிகிற வேலைக்கு ஒரு மனிதர் இரண்டு பஸ் ஏறி வந்து போகிறார். இதைப் பிடிவாதம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

ஒருநாள் பொறுக்கமுடியாமல், "நான் பேசட்டுமா?" என்று அவரைக் கேட்டேன். அவர் நம்பரை மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டார். கோவைக்குப் போன் போட்டு, நடந்ததை அருணிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நான் சொல்லியும் அப்பா அழிக்க விடவில்லை என்பதையும் சொன்னேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சாவி இருக்குக்கா. அம்மாவும் கேட்டாங்க, தங்கச்சியும் கேட்டா. அவர் கேட்டா குடுக்கிறேன்."

பாலக்கரை நேரம்

பாலக்கரையில் துணிக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய், டூயல் பூட் போட்டு வாங்கிப் போன லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்து வேளைத் தொழுகைக்கும் பாங்கு சொல்லுகிற ஒரு ஆப் அதில் இருக்கிறது. அது நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறதாம். கடையில் வியாபாரம் நடக்கிற பத்தரை மணிக்கு, விடியற்காலைத் தொழுகையான சுபுஹுக்குப் பாங்கு சொன்னால் வந்த கஸ்டமர் என்ன நினைப்பார்?

இதில் லேப்டாப்பைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே ஒரே கடிகாரம். அதில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைத்துவிட்டுப் போகிறது. பின்னால் வரும் விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. இரண்டுமே தாங்கள் காட்டுவதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்றை இறங்கிவரச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு வரி கட்டளை போதும். அலமாரியில் இருந்த அந்தச் சிவப்பு விளக்குக்காரன் பக்கம் என் கண் போனதை மறைப்பானேன், போயிற்று. வேலையை முடித்துக் கொடுத்தபோது பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி பூரா இதுல வெளையாடுறது எம்மவன்தானேம்மா. அவன் எந்திரிக்கிற நேரத்துக்கு சுபுஹை மாத்திக்கிச்சோன்னு நெனச்சேன்."

ஆறு ஆறாக

பிராக்டிகலுக்கு முந்தின வாரம் தங்கராசு அண்ணன் மத்தியானமே வந்துவிட்டார். அரை நாள் லீவு போட்டிருந்தார். அருண் சொன்னதை நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். நான் எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தேன். "இருங்கம்மா, நீங்கதானே அடிக்கணும்" என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"அப்பா பேசுறேன்."

"ம்."

"அந்த நம்பர் வேணும்ப்பா. கடையிலதான் இருக்கேன்."

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. சாவியை ஆறு ஆறு எண்களாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், அப்படி எட்டுக் கட்டு. அவன் ஒரு கட்டைச் சொல்வான். அண்ணன் ஒவ்வொரு எண்ணாக உரக்கத் திருப்பிச் சொல்வார். நான் தட்டுவேன். முதல் இரண்டு கட்டு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதைத் திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஏதோ ஒரு எண் தப்பு. "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னான். மறுபடியும் தப்பு. அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பேசாமல் வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது போனில் அவன் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்தது.

"அப்பா, எந்தக் காதுல வச்சிருக்கீங்க? வலது காதுக்கு மாத்துங்க. இடது காது உங்களுக்குச் சரியா கேக்காதே."

தொழிற்சாலைச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது என்பது இத்தனை நாள் பேசியும் எனக்குத் தெரியாது. அவர் போனைக் கை மாற்றினார். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ம், சொல்லுய்யா" என்றார். அதற்கப்புறம் எந்தக் கட்டும் தப்பவில்லை. ஆனால் அவன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான், இவரும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். இரண்டு பேருக்குமே அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. பிடிவாதம் என்று அவரைப் பற்றி நினைத்ததை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன். மகனிடம் கேட்கத் தைரியம் வருகிற வரைக்கும் காத்திருந்த மனிதர் அவர்.

கடைசிக் கட்டை அடித்ததும் நீலம் போய், விண்டோஸ் திறந்தது. ஒரு காரின் படம், ஓரத்தில் வரிசையாக அவனுடைய கேம்கள், கீழே அவன் பெயரில் ஒரு போல்டர். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக, முழுதாகப் பார்த்தார். இனி பக்கத்தில் அவர் மகளுக்கு இடம் ஒதுக்குவது என் வேலை. போனில் அருண் இன்னும் இருந்தான், அவன் சாமான்கள் ஏதாவது அழிந்திருக்கிறதா என்று கேட்டான். எதுவுமே அழியவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். "எனக்கென்னய்யா தெரியும்? ஞாயித்துக்கெழம நீயே வந்து பாத்துச் சொல்லு."

ஒரு லேப்டாப்பில் இரண்டு சிஸ்டத்தைக் குடிவைப்பது ஒரு மத்தியான வேலைதான், அதற்கு முன்னால் போட வேண்டிய போன் காலுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்றுதான் எந்தக் கஸ்டமருக்கும் என்னால் தேதி சொல்ல முடிவதில்லை.