கினிக்கோழியும் வீட்டோட மாப்பிள்ளையும்

பஸ் டெப்போவில் மெக்கானிக்கின் வாய்க்குப் பயப்படாத டிரைவர் கிடையாது. கிளட்சைத் தேய்த்துக் கொண்டுவந்தவனை வம்சத்தோடு சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரையே கையில் எடுப்பார். அப்படிப்பட்டவர், மகளும் மாப்பிள்ளையும் வீட்டோடு வந்து தங்கிய நாளிலிருந்து வாயைத் திறக்க வழியில்லாமல் தவித்தார். மாப்பிள்ளையை எந்த மாமனார் திட்ட முடியும்?

மாப்பிள்ளை பெயிண்டர். குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கிறார்கள் என்று மூட்டை முடிச்சோடு வந்தபோது, அட்டைப்பெட்டியில் நான்கு கினிக்கோழிக் குஞ்சுகளையும் கொண்டுவந்தார். பெயிண்ட் அடித்த வீட்டில் கொடுத்தார்களாம்.

“பாம்பு வந்தா கத்திக் காட்டிக் கொடுத்துடும் மாமா.”

“அப்படியா, சந்தோஷம்,” என்றார் மெக்கானிக். அவர் கொல்லையில் ஏற்கெனவே ஏழெட்டுக் கோழிகளும் இரண்டு வாத்துகளும், துரை என்று அவர் செல்லமாகக் கூப்பிடும் சிவப்புச் சேவலும் இருந்தன.

குஞ்சுகள் வளர்ந்தன. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி, தலையில் கொம்பு மாதிரி ஒரு எலும்பு. பார்க்க அழகுதான். ஆனால் வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் குணம் மாறியது. துரை தீவனத் தொட்டிப் பக்கம் போனால் போதும், கினிக்கோழிகள் முதுகை வளைத்துக்கொண்டு ஓடிவந்து பின்னாலிருந்து கொத்தும். சேவல் சண்டை என்றால் நேருக்கு நேர் நின்று, ஒருவர் ஒதுங்கினால் முடிந்தது. இவையோ ஒதுங்கினாலும் விடவில்லை; கொல்லை முழுக்கத் துரத்தின. துரையின் வால் இறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாத்துகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு இறங்கவே மறுத்தன.

ஒரு நாள் துரையின் முதுகில் ரத்தத்தைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, “வந்த இடத்துல அடக்க ஒடுக்கமா இருக்கத் தெரியாதா? சோறு போடறவன் வீட்டுலயே அதிகாரமா?” என்று கத்தினார்.

அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மகள் வெளியே வந்தாள். “அப்பா, நீங்க கோழியைத்தான் திட்டினீங்கன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கோழியை மட்டுந்தான் திட்டினோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் விடுமுறை. மாப்பிள்ளை அதே மாதிரி ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். “கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன் மாமா. அப்படியே ஒரு வாடகை வீடும் பார்த்துட்டு வரேன்.”

“இருங்க மாப்பிள்ளை.” மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “நேத்து வாய் தவறிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க. வண்டியில சத்தம் வந்தா வண்டியையே தூக்கிப் போட்டுடறோமா? எங்கேருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம்.”

இருவரும் டீயோடு கொல்லைப்படியில் உட்கார்ந்தார்கள். மகளும் வந்து சேர்ந்தாள். முதலில் கண்ணில் பட்டது தீவனத் தொட்டி. மூலையில் இருந்ததால், துரையை மடக்கினால் தப்பிக்க வழியில்லை. பிறகு மகள்தான் சொன்னாள்: “சத்தத்தைக் கேளுங்க. ஒண்ணு மட்டும் ‘பக்-வீக், பக்-வீக்’னு ரெண்டு தட்டாக் கூப்பிடுது. மத்த மூணும் சும்மா கடகடன்னு கத்துது.”

மாப்பிள்ளை, குஞ்சு கொடுத்த வீட்டுக்கு போன் போட்டார். பேசிவிட்டு வந்தவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ரெண்டு தட்டாக் கூப்பிடறதுதான் பெட்டையாம் மாமா. மத்ததெல்லாம் சேவல். பெட்டைக்குப் போட்டி போட்டுத்தான் இந்த ஆட்டமாம்.”

“ஒரு பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளையா?” என்றார் மெக்கானிக். “எனக்கு ஒண்ணே...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளைதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

கொத்துவதில் முன்னால் நின்ற இரண்டு சேவல்களையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு பெட்டைகளை வாங்கிவந்தார்கள். தீவனத் தொட்டி மூலையிலிருந்து நடுவுக்கு வந்தது. கினிக்கோழிகளுக்கு எட்டத்தில் தனித் தொட்டி. மாப்பிள்ளை பழைய பலகைகளை அங்கங்கே தடுப்பாக நட்டார். துரத்தப்பட்டவன் பலகைக்குப் பின்னால் போனதும், துரத்தியவன் எதற்கு ஓடிவந்தோம் என்பதையே மறந்து புல்லைக் கொத்தத் தொடங்கினான். துரையின் புண் ஆறும்வரை அதற்குத் தனிக்கூண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மிச்சமிருந்த கினிச்சேவல் காலை வேளையில் இன்னும் முறைக்கிறது. ரொம்ப மீறினால் மதியம்வரை அடைத்துவைக்கிறார்கள். ஆனால் துரைக்குப் பச்சை மின்னும் வால் முளைத்துவிட்டது. வாத்துகள் கொல்லை முழுக்க உலாத்துகின்றன. வாடகை வீட்டுப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

போன மாதம் வேலியோரப் புல்லில் கினிக்கோழி முட்டைகள் கிடைத்தன. தாய்கள் அடைகாக்கிற வழியாய்த் தெரியவில்லை. அவற்றை அடைக்கு உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பு நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கோழி வளர்த்தால் குஞ்சுகள் மற்றவற்றோடு ஒத்துப்போகும் என்று நம்பிக்கை. மெக்கானிக் டெப்போவிலிருந்து வந்ததும் நேரே கூண்டுப் பக்கம்தான் போகிறார்.

“மாப்பிள்ளை, ஒண்ணுல கீறல் விழுந்த மாதிரி இருக்கு. டார்ச்சை எடுத்துட்டு வாங்க.”

மாப்பிள்ளை பெயிண்ட் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்.